டிக்கெட் எடுக்காமல் திரும்பியவர்கள்

...கணக்கில் ஒரு பிழையும் இல்லை, கூட்டல் சுத்தம், கழித்தல் சுத்தம். தீவில் வீடு வீடாகப் போய் எண்ணி எட்டு வருடமாகிவிட்டது, அதனால் மதிப்பீடு. பிறந்தவர்களைக் கூட்டி, இறந்தவர்களைக் கழித்து, பயணிகள் படகில் டிக்கெட் எடுத்துப் போனவர்களுக்கும் திரும்பி வந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தையும் கழித்தால் நானூற்றுச் சொச்சம் பேர் மிச்சம்... ஐநூறுக்குக் கீழே போனால் தீவுக்கு நிரந்தர நர்ஸ் கிடையாது, மாதம் ஒருமுறை யாராவது வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார்கள், விதி அது, விதியை நானா எழுதினேன்? அவள் பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். எதிர் மேஜையில் மேலதிகாரி டீயை ஊதிக்கொண்டே, "நீங்க அந்த ஊர்க்காரங்க, நீங்க பார்த்துட்டா எனக்குக் கவலையே இல்லம்மா," என்றார். அவர் நல்ல மனிதர், அதுதான் வம்பே, கொஞ்சம் சிடுமூஞ்சியாக இருந்திருந்தால் ஏமாற்றுவதும் எளிதாக இருந்திருக்கும். ஏமாற்றுவதா? யார் ஏமாற்றினார்கள்? "ஜனங்க ஊரையே விட்டுட்டுப் போறாங்க பாருங்க, பாவம்," என்று அவர்தான் சொன்னார், அவள் "ஆமா சார்" என்றாள், அவ்வளவுதானே.

அவ்வளவுதானா? திரும்பும் பயணிகள் படகு மத்தியானமே கிளம்பிவிடும், அதற்குள் டவுனில் யாருக்குக் கடைவேலை முடிகிறது, வங்கியில் வரிசை நகர்கிறது? எல்லோரும் சாயங்காலம் மீனை விற்றுவிட்டு வெறுமனே திரும்பும் மீன்பிடிப் படகுகளில் ஏறிக்கொள்வார்கள், ஆண்கள் வலைக்கு ஒரு கை கொடுப்பார்கள், பெண்கள் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துகொள்வார்கள், டிக்கெட்டாவது மண்ணாவது. அவளே போன மாதம் அப்படித்தான் மீன் வாடையோடு அம்மா வீட்டில் போய் நின்றாள். டவுன்காரரான அவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை, அவளுக்குத் தெரியாமலிருக்க வாய்ப்பில்லை. உயிரோடு சோறு தின்றுகொண்டிருக்கிற மனிதர்களை ஒரு தலையாட்டலில் ஊரை விட்டு அனுப்பியாயிற்று, எதற்காக, அம்மாவுக்காக. முட்டிவலியும் ரத்தக்கொதிப்புமாக அங்கே தனியாகக் கிடக்கிறாள், பிடிவாதக்காரி, நர்ஸ் போய்விட்டால் வேறு வழியில்லாமல் இங்கே வந்துதானே ஆகவேண்டும். பெற்றவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நினைப்பது ஒரு குற்றமா... குற்றம்தான், இல்லாவிட்டால் காலையிலிருந்து இந்தப் பேனா மூடி ஏன் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறது.

ஃபோன் அடித்தது, அம்மாதான், நினைத்தாலே அம்மாவுக்கு மூக்கு வியர்த்துவிடும். "சாப்பிட்டியாடி?" என்று ஆரம்பித்து, நர்ஸம்மா வந்து பிரஷர் பார்த்தது, உப்பைக் குறைக்கச் சொல்லித் திட்டியது எல்லாம் வரிசையாக வந்தது. "பக்கத்து வீட்டு மருமகளுக்குக் காலெல்லாம் வீங்கிக் கெடக்கு, நர்ஸம்மாதான் ரெண்டு வேளையும் வந்து பாக்குது, அது இல்லன்னா அந்தப் பொண்ணு கதி என்னடி?" அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் பிரசவம், போன மாதம் இவள் பையைப் படகிலிருந்து அம்மா வீடு வரை தூக்கி வந்து கொடுத்தது அந்தப் பெண்தானே, வயிறும் பிள்ளையுமாக மூச்சு வாங்கிக்கொண்டு... ஏதாவது பேசியாக வேண்டும் என்று வாயில் வந்ததைக் கேட்டுவிட்டாள்: "அம்மா, நீ என்கூடவே வந்து இருந்துடேன்."

"இதைக் கேக்க உனக்கு இத்தனை வருஷமா?" என்றாள் அம்மா. "உங்கப்பா போனப்பவே கூப்பிடுவேன்னு பாத்தேன். நீ வாயே தெறக்கல. மாப்பிள்ளைக்குப் பிடிக்கல போலன்னு நானும் விட்டுட்டேன். வரேன்டி, வராம என்ன."

வரமாட்டாள் என்று யார் சொன்னது? அம்மா சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. மாட்டேன் என்றுவிடுவாளோ என்று பயந்து, கேட்காமலேயே விட்டுவிட்டு, ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டியதற்கு... மேலதிகாரி கையை நீட்டியபடி வந்து நின்றார். "அறிக்கையைக் குடுங்கம்மா, தபால் கெளம்புது." அவள் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டாள், "சார், இதுல ஒண்ணு விட்டுப்போச்சு," என்று சொல்ல வாய் திறந்தது, எவ்வளவு சுலபமாகத் திறக்கிறது இப்போது, காலையிலிருந்து திறக்காத வாய், பக்கத்து வீட்டுப் பெண்ணின் கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்டபோதுகூடத் திறக்காத வாய். அம்மா மாட்டேன் என்று சொல்லியிருந்தால் திறந்திருக்குமா? பொத்திய கைக்குள் அம்மா இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், சந்தோஷமாகத்தான் இருந்தது குரல்.