உறைக்குள் ஒரு கன்னம்

"இடதுதான்டா! கண்ணு இருந்தா நல்லாப் பாரு..."

"வலதும்மா, இங்க பாரு, இந்தத் தாடை ஓரம் எவ்வளவு..."

"தாடையை விடு, கன்னத்தைச் சொல்லு. பாலாடை மாதிரி ஆயிருக்கு இடது."

"பாலாடையா! நேத்து புதுசா வந்த ரெண்டு உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"அது பரு இல்ல. கொசு கடிச்சது."

"ஆமா, கொசு வேற கன்னம் பாத்துத்தான் கடிக்குதாக்கும்!"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா? எண்ணிக்கை விட்டுப்போச்சு," என்றாள் நடுவில் உட்கார்ந்திருந்தவள்.

சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு, வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டி, ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் பென்சிலுமாக அவள் உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கம் மாமியார், வலப்பக்கம் புருஷன். மடியில் மருத்துவமனை கொடுத்த தாள். அதில் மூக்கும் கண்ணும் இல்லாத ஒரு முகம் வரைந்து, நடுவே கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை என்று வாரம் ஒரு முறை எண்ணிப் புள்ளி வைக்க வேண்டும். இது பன்னிரண்டாவது தாள். கடைசித் தாள்.

அவள் பஸ் ஓட்டுகிறவள். பதினைந்து வயதில் விருந்தாளியாக வந்த பரு, முப்பத்து நாலு வயதாகியும் மூட்டை கட்டவில்லை. படிக்கட்டில் ஏறுகிறவர்கள் டிக்கெட்டுக்கு முன்னால் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு வைத்தியம் ஏறும். "எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தும்மா" என்று ஒருவர் சொன்னால், "வயிறு சுத்தமா இருந்தா முகம் சுத்தமா இருக்கும்" என்பார் அடுத்தவர். அவள் எல்லாருக்கும் "சரிங்க" என்று சொல்லிக் கதவை மூடுவாள்.

பிறகுதான் தோல் மருத்துவமனையில் லேசர் ஆய்வு ஒன்று நடக்கிறது என்று கேள்விப்பட்டாள். முப்பது பேர். ஒரு கன்னத்துக்கு மட்டும் நிஜமான லேசர். மறு கன்னத்துக்கும் அதே கருவி, அதே சத்தம், அதே குளிர்க்காற்று உண்டு. ஒளியின் வீரியம் மட்டும் பேருக்குத்தான். எந்தக் கன்னத்துக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். டாக்டருக்கே தெரியாது. தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். கருவியைத் திருகி வைக்கும் நர்சுக்கு மட்டும் தெரியும். பன்னிரண்டாவது வாரம் உறையைப் பிரிப்பார்கள். விதிப்படி முடித்தவர்களுக்கு மறு கன்னத்தையும் இலவசமாகச் செய்துகொடுப்பார்கள்.

இன்று லீவு போட்டிருந்தாள். மாலை நான்கு மணிக்கு அவளுடைய முறை.

ஆய்வு தொடங்கிய முதல் நாள் கண்மேல் சின்ன உலோகக் கிண்ணங்களை வைத்து மூடி, முகத்தில் ஜில்லென்று கூழைத் தடவி, "வலிச்சா கையைத் தூக்குங்க" என்றாள் நர்ஸ். முதலில் வலது, பிறகு இடது. டிக், டிக் என்று ஒவ்வொரு சொடுக்குக்கும் ரப்பர் வளையத்தை இழுத்து விட்டதுபோல் சுள்ளென்றது. மூடிய இமைக்குள் செம்மையாக ஏதோ பூத்து அணைந்தது. படுத்தபடியே சொடுக்குகளை எண்ணினாள். வலதுக்கு நூற்றுப் பன்னிரண்டு. இடதுக்கும் நூற்றுப் பன்னிரண்டு.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சுள்ளுங்குதே சிஸ்டர். பேருக்குப் போடுற பக்கம் வலிக்கக் கூடாது இல்ல?"

"ரெண்டு மணி நேரம் சிவப்பா இருக்கும். வெயில்ல போகாதீங்க," என்றாள் நர்ஸ்.

"நான் கேட்டதுக்கு இது பதில் இல்லையே."

"சோப்பு நாளைக்குப் போட்டா போதும்."

அப்போதுதான் கவனித்தாள். அந்த நர்ஸ் பேசும்போது அவள் இடது கன்னத்தையும் பார்ப்பதில்லை, வலது கன்னத்தையும் பார்ப்பதில்லை. நேராக மூக்கைப் பார்த்தே பேசுகிறாள். அடுத்தடுத்த முறைகளிலும் அதே மூக்குதான்.

அந்த உறை அவள் தலைக்குள் புகுந்துகொண்டது. சிக்னலில் நிற்கும்போது உள்கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பயணிகள் "இடது பக்கம் நல்லா ஆறிடுச்சும்மா" என்றார்கள். படியேறி வருகிறவர்களுக்குத் தெரிவது இடதுதான். வீட்டில் வலப்பக்கம் உட்கார்ந்து சாப்பிடும் புருஷன், சத்தியம் பண்ணாத குறையாக வலது என்றான். அவரவர் இருந்த பக்கத்துக் கன்னம் அவரவருக்கு ஜெயித்தது.

இன்னொரு விஷயமும் அவளுக்குப் புரியவில்லை. அவளுடைய கருநீலச் சீருடையில் காலர் ஒரு பக்கம் திட்டுத் திட்டாக வெளுத்துக்கொண்டே வந்தது. பஸ்ஸில் வெயில் அடிப்பது வலப்பக்க ஜன்னல் வழியாக. வெளுத்ததோ இடது காலர். டெப்போவில் யாரைக் கேட்டாலும் சிரித்தார்கள்.

"இருபத்து மூணு இருந்த இடத்துல இப்போ ஆறு," என்று இடப்பக்கப் புள்ளிகளை எண்ணி முடித்தாள். "வலது இருபத்து ஒண்ணுல இருந்து ஒன்பது."

"பாத்தியா! இடது!" என்று மாமியார் கையைத் தட்டினார்.

"மூணு பரு வித்தியாசத்துக்கு இவ்வளவு கும்மாளமா? முதல் மாசம் எது வேகமா ஆறுச்சு? வலதுதானே? மிஷின் அன்னைக்கு ஒரு பக்கம் இன்னைக்கு ஒரு பக்கமா வேலை செய்யும்? நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன், மிஷின் புத்தி எனக்குத் தெரியாதா?"

"போடா! எட்டு வாரமா தினம் தொட்டுப் பாக்கறேன். எனக்குத் தெரியாதா எந்தக் கன்னம்னு?"

பென்சில் நின்றது.

"தொட்டா?" என்றாள் மருமகள். "எப்போ அத்தை தொட்டீங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"என் முகத்தை நானே தொடறது கிடையாது. கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. எப்போ தொட்டீங்க?"

மாமியார் எழுந்து, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களை மறுபடி கழுவ ஆரம்பித்தார். மருமகள் உள்ளே போனாள். கருநீலச் சட்டையோடு திரும்பி வந்து, இடது காலரை விரித்து அவர் முன்னால் நீட்டினாள். மாமியார் குழாயை மூடினார்.

"மத்தியானம் நீ தூங்கும்போது," என்றார் மாமியார்.

காலை ஷிஃப்ட் பத்து மணிக்கு முடியும், அடுத்தது இரண்டரைக்கு. நடுவில் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் சோபாவில் வலப்பக்கமாகச் சாய்வாள். விடிவதற்கு முன் எழுந்த உடம்பு, இடி விழுந்தாலும் அசையாது. மேலே தெரிவது இடது கன்னம்.

"என்ன போட்டீங்க?"

சேலை மடிப்பு, கைப்பை, கண்ணாடிக்கூடு என்று மூன்று இடம் தேடி, மாமியார் ஒரு களிம்புக் குழலை எடுத்துக் கொடுத்தார். முக்கால்வாசி தீர்ந்து, அடியிலிருந்து ஒழுங்காகச் சுருட்டியிருந்தது. பொடி எழுத்தை மருமகள் வாய்விட்டுப் படித்தாள். "துணியில் பட்டால் நிறம் போகும்."

"அது எனக்கு நிஜமாத் தெரியாது," என்றார் மாமியார். "முப்பது வருஷம் குழந்தைகள் காப்பகத்துல இருந்தவம்மா நான். தூங்கற பிள்ளைக்கு மருந்து போட எனக்குச் சொல்லியா தரணும்? ஒரு பிள்ளைகூட முழிச்சதில்ல."

"அத்தை, அதைக் கேக்கல நான். ஏன்?"

"வலது கன்னம் மளமளன்னு ஆறுது. இடது பாவம், பாத்துக்கிட்டே கிடக்கு. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னா எனக்கு எப்படிம்மா மனசு கேக்கும்? அதுவும் உன் கன்னம்தானே. மூத்தாள் பிள்ளையா?"

"எதையும் பூசக் கூடாதுன்னு ஃபிரிட்ஜ் மேல தாள் ஒட்டியிருக்கே!"

"'நீங்கள் எதையும் பூசக் கூடாது'ன்னுதானே போட்டிருக்கு? நீ பூசலையே."

புருஷன் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பி முறைத்ததும் இருமலும் நின்றது.

"சரி, ஆனது ஆச்சு," என்றான் அவன். "யாருக்குத் தெரியப் போகுது? போ, உறையைப் பிரிச்சுப் பாரு, மறு கன்னத்தையும் பண்ணிக்க. கேட்டா இல்லைன்னு சொல்லிடு."

"நான் வாயைத் திறக்க மாட்டேன்," என்றார் மாமியார். "என்னால உன் கன்னம் கெட வேண்டாம்."

"பிரிச்சு? பிரிச்சு என்ன தெரியும்?" என்றாள் அவள். "இடதுன்னு வந்தா, ஆத்தினது லேசரா அத்தையா? வலதுன்னு வந்தா, லேசரை அத்தை ஜெயிச்சுட்டாங்களா? பன்னிரண்டு வாரம் ஒவ்வொண்ணா எண்ணியிருக்கேங்க."

"அப்போ சொல்லப் போறியா?"

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். களிம்பையும் வைத்தாள்.

"நானும் வர்றேன்," என்றார் மாமியார்.

மருத்துவமனைக் கூடத்தில் நீச்சல் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் முன்னமே உட்கார்ந்திருந்தார். அவரும் முப்பது பேரில் ஒருவர். மூன்று மாதப் பழக்கம்.

"இன்னைக்குத் தெரிஞ்சுடும் இல்ல?" என்றார். "எனக்கு வலதுன்னு வீட்டுல அடிச்சுச் சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது. முதல் ரெண்டு வாரம் இன்னும் கூடுதலா வந்துச்சே, உங்களுக்கும் வந்துச்சா?"

"வந்துச்சே. பஸ்ல ஒருத்தர், 'மருந்துக்குப் போனியா, பரு வாங்கப் போனியா'ன்னு கேட்டார்."

அவர் உள்ளே போனார். பத்து நிமிடத்தில் பிரித்த உறையைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"இடதுங்க! இடது! மூணு மாசமா தப்பான கன்னத்தைக் கண்ணாடியில கொஞ்சியிருக்கேன்!"

மாமியார் மருமகளின் கையைப் பிடித்தார். "ஏம்மா," என்றார் மெதுவாக, "இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. பேசாம இருந்துடேன்."

உள்ளே மேஜைமேல் அவளுடைய உறை இருந்தது. பதினேழு என்று எண் போட்டிருந்தது. டாக்டர் இரண்டு கன்னத்தையும் விளக்கடியில் பார்த்து, படம் எடுத்து, "நல்ல மாற்றம்," என்றார். நர்ஸ் கடைசிக் கேள்விகளை வாசித்தாள்.

"இந்தப் பன்னிரண்டு வாரத்துல வேற களிம்பு, எண்ணெய், மாத்திரை ஏதாவது?"

அவள் உறையைப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, சுருட்டிய களிம்புக் குழலை எடுத்து உறைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இடது கன்னத்துல. எட்டு வாரம், தினமும்."

"நான்தான் டாக்டர்," என்று மாமியார் முந்திக்கொண்டார். "அவ தூங்கிட்டிருந்தா. அவ கணக்குல எழுதாதீங்க."

டாக்டர் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டு வாரமா? முழிக்கவே இல்லையா?"

"அசைஞ்சதுகூட இல்ல," என்றார் மாமியார், அந்த இடத்திலும் கொஞ்சம் பெருமையாக.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "நீங்க சொன்னது பெரிய விஷயம்மா. சொல்லாம விட்டிருந்தா உங்க கன்னத்தையும் கணக்குல சேர்த்திருப்போம். ஆனா இனிமே சேர்க்க முடியாது. மறு கன்னத்துக்கு நான் மேல கேட்டுப் பாக்கறேன். வாக்குக் குடுக்க முடியாது."

"சரிங்க. இந்த உறை?"

"ஆய்வை விட்டுப் போறவங்க உறையைக் கடைசியிலதான் பிரிக்கணும். அடுத்த வருஷம் ஆகும்." அவரும் அந்தப் பதினேழை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும்தான் ஆசையா இருக்கு," என்று சொல்லி, அதை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். விலகல் படிவம் எடுத்து வர அடுத்த அறைக்குப் போனார்.

மாமியார் மூக்கை உறிஞ்சினார். "ஒரு வருஷம்! தெரிஞ்சிருந்தா ரெண்டு கன்னத்துக்கும் போட்டிருப்பேனே."

"அத்தை, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

நர்ஸ் கண்ணை மூடும் உலோகக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்து நிமிர்ந்தபோது பஸ்காரி அவள் எதிரில் வந்து நின்றாள், இரண்டு கன்னமும் வெளிச்சத்தில் தெரியும்படி. நர்ஸின் கண்கள் வழக்கம்போல அவள் மூக்கின்மேல் போய் நின்றன.

"நீங்க வாயைத் திறக்க வேண்டாம் சிஸ்டர்," என்றாள் அவள். "எந்தக் கன்னமோ, அந்தப் பக்கம் ஒரு தடவை பாத்தா போதும்."