நான்காம் மாடியில் மூன்று தட்டு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் பிறக்கவில்லை. என் வீட்டுச் சுவரில் பிறந்தது. போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கண்டி நகரின் திருகோணமலை வீதியில் நான் குடியிருக்கும் நான்காம் மாடியில், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு. நிதானமாக, இடைவெளி விட்டு. அந்த வீடு கட்டி முடித்த நாளிலிருந்து காலியாகக் கிடக்கிறது. விற்பனைக்குப் போட்டிருக்கிறார்கள்.

நான் என்ன செய்தேன்? "சனியன், ஆணி அடிக்கத் தொடங்கிட்டானுக" என்று முணுமுணுத்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்த கதையைத் தொடர்ந்தேன். (அது வேறு கதை. மனிதர்களின் தனிமையைப் பற்றியது. சிரிக்காதீர்கள்.)

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று தட்டு. அதன் பிறகு ஒன்றுமில்லை.

2.

இரவாகியும் அந்தத் தட்டு காதை விட்டுப் போகவில்லை, அதையே கதையாக்கப் பார்த்தேன். முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

"மலைநகரின் மத்தியில், மேகம் வந்து தொட்டுப் போகும் மாடியில், அவள் தன் கனவு இல்லத்தின் கதவை..."

சீச்சீ. வீடு விற்கிறவன் பஸ் நிலையத்தில் நீட்டுகிற நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன். ஆனாலும் என் யோக்கியதை உங்களுக்குத் தெரியட்டும் என்று அப்படியே விட்டுவைக்கிறேன்.

இரண்டாவது தொடக்கத்தில் கொழும்பிலிருந்து ஒரு பெண் கறுப்புக் கண்ணாடியோடு வந்தாள். ஒரு பக்கம் நடந்தாள். எதற்காகச் சுவரைத் தட்டுகிறாள் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவளைக் கொழும்புக்கே அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை காலை, கீழே தேநீர்க் கடையில் இப்திகாரைக் கண்டேன். எங்கள் கட்டடத்து வீடுகளை விற்றுக் கொடுக்கிற தரகர். பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தபடி தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பார்ட்டி சேர், கைய விட்டுப் போயிட்டு. பன்வில பக்கத்து அக்கா ஒராள். பேராதனை ஆஸ்பத்திரில வேல செஞ்சி பென்சன் எடுத்தவங்க. ஊடு நல்லாப் புடிச்சீந்திச்சி. கடைசியில செவத்தத் தட்டிப் பாத்தாங்க. நான் சென்னேன், பயப்படாதீங்க அக்கா, ஒம்பது இஞ்சி செவரு, பக்கத்து ஊட்டுல ஆள் செத்தாலும் ஒங்களுக்குக் கேக்காதுன்னு."

"அதுக்கு?"

"மொகம் கறுத்துப் போச்சி சேர். யோசிச்சி சொல்றேன் தம்பின்னுட்டுப் படி எறங்கிட்டாங்க. லிப்டும் வேணாமாம்."

"ஏன் தட்டினாங்கன்னு கேக்கலியா?"

"பின்னேரம் போன் எடுத்துக் கேட்டேன். என்னமோ லயத்துக் கத சென்னாங்க. எனக்கெண்டா சரியா விளங்கல்ல."

அவருக்கு விளங்காததை எனக்கு அப்படியே ஒப்பித்தார். கேட்கக் கேட்க, கடித்த மாலுபாணை, அதாவது மீன் பணிஸை, அப்படியே மேசையில் வைத்துவிட்டேன். அந்த நேரம் நான் வீட்டில்தான் இருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

3.

அவருக்குப் பரிமளம் என்று பெயர் வைக்கிறேன். உண்மைப் பெயர் வேறு.

பரிமளம் பிறந்தது பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பத்துக் காம்பராக்கள் ஒட்டிக் கிடந்த லயத்தில். ஒரே தகரக் கூரை, குடும்பத்துக்கொரு அறை, அறைக்கும் அறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர். அந்தச் சுவரில் மூன்று தட்டினால் 'அவசரம், வாங்க' என்று அர்த்தம். அந்தப் பக்கமிருந்து ஒரு தட்டு வந்தால் 'கேக்குது'. இன்னொன்றும் சேர்ந்து வந்தால் 'வர்றேன்'. இரண்டாவது தட்டைத் தட்டியவர் வந்தே ஆக வேண்டும். உலை கொதித்தாலும் சரி, நேற்றுத்தான் தண்ணீர்க் குழாயடியில் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டிருந்தாலும் சரி. (எல்லாத் தோட்டத்திலும் இப்படியா என்று என்னைக் கேட்காதீர்கள். அவருடைய லயத்தில் இப்படி.)

அந்த லயத்தைப் பரிமளம் ஒன்றும் கொண்டாடவில்லை. புருஷன் பெஞ்சாதி பேசுகிற பேச்சு மூன்று வீட்டுக்குக் கேட்கும். வேலை கிடைத்ததும் புருஷன் செல்லச்சாமியை இழுத்துக்கொண்டு பேராதனைக்கு வந்து, ஒரு சரிவில் தனியாக நின்ற சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தார். வந்த அன்றைக்கு, "அப்பாடா, ஒருத்தர் சத்தமும் இல்ல" என்று கால் நீட்டி உட்கார்ந்தார்.

இருபத்தாறு வருடம் கழித்து, போன வருடம், மழை ஊற்றிய ஒரு பிற்பகலில் செல்லச்சாமி குளியலறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பரிமளத்தின் கை யோசிக்கவில்லை. போய்ச் சுவரைத் தட்டியது. மூன்று தட்டு. காத்திருந்தார். மறுபடி மூன்று. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மண்மேடு. புல் முளைத்த வெறும் மண்மேடு. அது நினைவுக்கு வந்து அவர் ரோட்டுக்கு ஓடி ஆளைக் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவருடைய துக்கத்தில் பாதி வெட்கம். இருபத்தைந்து வருடம் வார்டில் நோயாளிகளோடு ஓடித் திரிந்தவள், கட்டின மனுஷன் கீழே கிடக்கையில் சுவரைத் தட்டிக்கொண்டு நின்றேனே என்று. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுத் தரகர் ஒருவரிடம் தொலைபேசியில் ஏன் சொன்னார் என்பது எனக்கு இன்னமும் பிடிபடவில்லை.

(லயத்துத் தட்டுகளின் அர்த்தத்தை விட்டால், இப்திகார் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "மாப்புள மவுத்தாகிட்டாராம், செவத்தத் தட்டினாங்களாம், ஒத்தரும் வரல்லியாம்." மழை, குளியலறை, வெட்கம் எல்லாம் நான் வைத்தவை. மண்மேட்டை வைத்த பிறகு அன்றைக்கு என்னால் மேலே எழுத முடியவில்லை.)

4.

பரிமளத்துக்குப் பிரேமிளா என்றொரு மகள். கத்தாரில் வேலை. முதல் பிரதியில் இவளை எழுதினேன், பிறகு வெட்டினேன், கைபேசியில் மட்டும் வருகிற பாத்திரங்கள் எனக்கு அலுப்பு. ஆனால் உண்மையிலேயே ஒரு மகள் இருக்கிறாள் என்று இப்திகார் சொல்லிவிட்டார். வேறு வழியில்லை.

"அம்மா, கடுகண்ணாவையில ஏழு பேர்ச்ல ஒரு துண்டு காணி பாத்து வச்சிருக்கேன். நம்ம ஆளுங்க எத்தன தலமொறையா மண்ணு மண்ணுன்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க என்னான்னா ஆகாயத்துல போயி வீடு வாங்குறேங்கிறீங்க."

"மண்ண வச்சி என்னாடி செய்றது? கூப்புட்டா மண்ணு வருமா?"

பிரேமிளாவுக்கு அது விளங்கவில்லை. அவளுக்கு மண்மேட்டைப் பற்றித் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டில் ஒன்று சொல்லுங்கள், காணிக்காரர் காத்திருக்கிறார் என்று போனை வைத்துவிட்டாள்.

பரிமளம் செவ்வாய்க்கிழமை வந்து வீட்டைப் பார்த்தார். பல்கனியில் நின்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடியில் ஒரு ஊரே கத்துகிறது. பஸ் கொண்டக்டர் ஒருவன் 'கடுகண்ணாவ, கடுகண்ணாவ' என்று அடித்தொண்டையில் கூவுகிறான். லொத்தர் சீட்டு விற்கிற ஒலிபெருக்கி ஒரு பக்கம். கட்டடத்துக்குப் பின்பக்கம் யாரோ மீன் விலைக்குச் சண்டை. ஐயோ, எத்தனை மனுஷர்! சமையலறையையும் அலுமாரிகளையும் அவர் சரியாகப் பார்க்கவே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பக்கத்து வீட்டுல யாருங்க தம்பி?"

இப்திகார் பெருமையாகச் சொன்னார்: "ஒரு சேர், தனிய ஈக்கிறார். எழுதுறவரு. ஆள் உள்ளுக்கு ஈக்கிறாரா இல்லியான்னே தெரியாது அக்கா, அவ்ளோ அமைதி."

பரிமளம் பொதுச் சுவர் எது என்று கேட்டு, அதன் அருகே போனார். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் தட்டினார். மூன்று. காதை வைத்துக் கேட்டார். மறுபடி மூன்று.

"பக்கத்து வீட்டுக்காரர் அப்போது சந்தைக்குப் போயிருந்தார்."

(மேலே இருக்கிற வாக்கியம் பொய். அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.)

5.

வியாழக்கிழமை முழுவதும் முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் பரிமளம் கையெழுத்துப் போடுகிறார், பால் காய்ச்சுகிறார், பல்கனியில் துளசி வைக்கிறார். இருபது நிமிடத்தில் எழுதிவிட்டேன். அவ்வளவு சுலபமாக வந்ததை நான் நம்புவதில்லை.

இரண்டாவது முடிவில் கடுகண்ணாவைக் காணியில் வீடு எழும்புகிறது. நல்ல வீடு, கதிரை போட்டு உட்காரத் தனி விறாந்தை. "ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல் பரிமளம் கால் இடறி, சுவரை நோக்கிக் கையை..." மாட்டேன். இதை முடிக்க மாட்டேன்.

மூன்றாவதில் பக்கத்து வீட்டு எழுத்தாளர் ஓடிப் போய் மன்னிப்புக் கேட்கிறார். அந்த ஆளை எனக்கு அறுபத்தெட்டு வருடமாகத் தெரியும். அப்படியெல்லாம் செய்யக்கூடியவன் இல்லை.

அவனைப் பற்றியும் சொல்ல வேண்டும்தானே. இதே வீதியில் எங்களுக்குப் புடவைக் கடை இருந்தது. தீபாவளிக்குத் தோட்டத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினால், அப்பா எங்களைக் கடைக்குப் பின்னால் அனுப்பிவிடுவார், சத்தமாம். அவர்கள் கொடுத்த காசில் சாப்பிட்டு வளர்ந்தவன்தான் நான். கடையை விற்ற பிறகு இந்த வீட்டை வாங்கியதே ஒருவரும் வந்து கதவைத் தட்டக்கூடாது என்பதற்காக. இப்திகார் என்னிடமும் அந்த ஒன்பது இஞ்சியைத்தான் சொன்னார். எனக்கு வாயெல்லாம் பல்.

6.

இன்று வெள்ளிக்கிழமை. அந்த அம்மா திரும்பி வந்தால் சொல்லும்படி கேட்டிருந்தேன், மதியம் இப்திகார் அழைத்தார்.

"சேர், அந்த அக்கா நாலு மணிக்கு வாறாங்களாம். கடைசித் தரம் ஒருக்காப் பாத்துட்டு முடிவு செல்லுவாங்களாம்."

"லிப்ட்லயா வருவாங்க?"

"என்ன சேர் கேள்வி இது?"

மூன்றரைக்கே கதிரையைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மடியில் இந்தத் தாள்கள். வலது கையில் பேனா. இடது தோள் இரண்டு வருடமாகத் தூக்க வராது.

உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று தெளிவாயிற்று. முதல் தட்டு எனக்குப் பெரிய காரியமில்லை. 'கேக்குது' என்று சொல்வதுதான் எழுதுகிறவன் பிழைப்பு, வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லித்தான் பேர் வாங்கியிருக்கிறேன். இரண்டாவது தட்டுத்தான் பயமாக இருக்கிறது. அதைத் தட்டினால் போக வேண்டும். இன்றைக்கு மட்டுமில்லை. மழை நாளில், எனக்கே காய்ச்சலாகக் கிடக்கிற நாளில், கதையின் நல்ல இடத்தில் இருக்கிற நாளில். முழங்கால் வேறு சரியில்லை. அந்த அம்மா என்னை நம்பி வீடு வாங்கி, நான் போகாமல் இருந்துவிட்டால்? மண்மேடாவது மண்மேடு. அது வருவதாகச் சொல்லி ஏமாற்றவில்லை.

(தட்டாமல் இருந்துவிடலாம். அவர் கடுகண்ணாவைக்குப் போவார். என்னை ஒருவரும் குறை சொல்ல முடியாது. இதையும் ஒரு முடிவாக எழுதிப் பார்த்தேன். எழுதிய தாளைக் கிழித்தேன்.)

படிகளில் செருப்புச் சத்தம். மெதுவாக, மாடிக்கு மாடி நின்று. லிப்டில் வரவில்லை. கதவு திறக்கிறது. இப்திகாரின் குரல் பல்கனி வழியாகக் கேட்கிறது, இன்றைக்கு அவர் சுவரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று.

பேனாவைப் பிடித்த கையாலேயே ஒன்று தட்டிவிட்டேன். மொட்டைத் தட்டு, விரல் எலும்பு வலிக்கிறது. அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. காதை வைத்துக்கொண்டு நிற்கிறார் போலிருக்கிறது.

பரிமளம் கையெழுத்துப் போட்டாரா, மகளிடம் என்ன சொன்னார், இதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டிலும் பொதுச் சுவர் ஒன்று இருக்கும். எனக்கு இருப்பது ஒரு நல்ல கை. பேனா பிடித்த கையால் இன்னொரு தட்டுத் தட்டினால் அந்தப் பக்கம் சரியாகக் கேட்காமல் போய்விடும். பேனாவைக் கீழே வைக்கிறேன்.