துரையின் சாய்வுப் பலகை

எங்கள் வாசலில் இரண்டே படிகள்தான். ஆனால் இரண்டும் உயரமான படிகள். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து பதினொரு மாதமாகிறது. நான்கு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடம், சமையலறை, கழிப்பறை என்று நடப்பாள். வாசல் வந்ததும் வாக்கர் நின்றுவிடும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று என் பள்ளிக்கூடமும் அதோடு நின்றது.

படிக்கு ஒரு சாய்வு போட்டுக்கொடு என்று அம்மா அண்ணனிடம் மூன்று முறை கேட்டாள். முதல் முறை, "வீட்டுக்காரர் படியில கை வைக்க விடமாட்டாரும்மா" என்றான். இரண்டாவது முறை, "சிமென்ட் வேலைக்கு ஆள் கிடைக்கணும்ல" என்றான். மூன்றாவது முறை, "பாக்கலாம்" என்றான். அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை.

துரை அண்ணனுடைய நாய். அதற்குப் பன்னிரண்டு வயது. போன வாரம் அதன் பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன. படிக்குக் கீழே நின்று அண்ணனைப் பார்த்து முனகும். சனிக்கிழமை கால்நடை மருத்துவர், இனிமேல் இது படியேறக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் அண்ணன் கையில் ரம்பம்.

அன்றைக்குத்தான் பெரியம்மா எங்கள் ஊரைவிட்டுப் போவதாக இருந்தது. பெரியம்மா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மகன் தன் ஊருக்கே அழைத்துப் போகிறான், இனித் திரும்பி வரப்போவதில்லை. நாலு மணிக்கு எங்கள் கேட் முன்னால் கார் நிற்கும், பெரியம்மாவால் இறங்க முடியாது என்று தகவல் வந்திருந்தது. வாசலிலிருந்து கேட் பத்தடி தூரம். அந்தப் பத்தடியைக் கடந்து போய் அக்காவின் கையைப் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. காலையிலேயே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பின்கட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்தபோது ஒரு மர அலமாரியை விட்டுப்போயிருந்தார்கள். மழையில் முதுகு இற்றுப்போனாலும் கதவு மட்டும் கல்லுமாதிரி இருந்தது. ஆறடி நீளம், இரண்டேகால் அடி அகலம். அண்ணன் கீலைக் கழற்றினான், உப்புத்தாளால் தேய்த்தான், படிமேல் சாய்த்து, நடுவில் செங்கல் முட்டுக் கொடுத்துப் பார்த்தான். கச்சிதமாக உட்கார்ந்தது.

அண்ணி வெளியே வந்து பார்த்தாள். "இவ்வளவு அகலம் எதுக்கு? படியையே அடைச்சிட்டா நாங்கல்லாம் பறந்தா போறது?"

"அதுவும் சரிதான்." அண்ணன் டேப்பை எடுத்து துரையின் உடம்பை அளந்தான். "வயித்தை எக்காதடா, சரியா நில்லு."

"உங்க வீட்டு ஆளாச்சே, வயித்தை ரொப்பத்தான் தெரியும், எக்கவா தெரியும்?" என்றாள் அண்ணி.

ஒன்றரை அடி போதும் என்று முடிவாயிற்று. பலகை ஆடாமலிருக்க என்னை அதன்மேல் உட்காரச் சொல்லிவிட்டு அறுக்கத் தொடங்கினான். ரம்பம் ஒரு சாண் போயிருக்கும், எனக்கு வாக்கர் ஞாபகம் வந்தது. அதன் அகலம் இரண்டடி. கழிப்பறைக் கதவில் இருபுறமும் விரல் இடிபடாமல் அதை நுழைக்கிறவள் நான்தான்.

"அண்ணா" என்றேன்.

"என்ன?"

அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல."

"அப்ப அசையாம உக்காரு."

உட்கார்ந்தேன். முழுவதும் அறுபடும்வரை உட்கார்ந்தேன். அறுத்தெடுத்த துண்டைச் சின்னச் சின்னக் கட்டைகளாக வெட்டி, கால் வழுக்காமலிருக்கப் பலகையின் குறுக்கே வரிசையாக ஆணியடித்தான். துரை முதலில் மோந்து பார்த்தது, பிறகு ராஜநடையாக ஏறியது. அண்ணி அதை வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள். மத்தியானத்துக்குள் பதில்கள் வந்து குவிந்தன. அவள் கூடத்தில் உட்கார்ந்து உரக்க வாசித்தாள்.

"'வாயில்லா ஜீவனுக்கு இப்படிச் செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும்?'னு போட்டிருக்காங்க அத்தை."

"நல்லா இருக்கே, இன்னொரு தரம் வாசி" என்றாள் அம்மா.

அண்ணி இன்னொரு தரம் வாசித்தாள்.

நாலு மணிக்கு ஹாரன் கேட்டது. அம்மா வாக்கரோடு வாசலுக்கு வந்தாள். பலகையை மேலும் கீழும் பார்த்தாள். "துரை கோவிச்சுக்கலன்னா நானும் இதுலயே இறங்கிடறேன்" என்றாள்.

வாக்கரின் வலது காலைப் பலகையில் வைத்தாள். இடது கால் அந்தரத்தில் தொங்கியது. நான் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். கட்டைகளில் இடித்து அம்மா தள்ளாடினாள். பின்னால் இழுத்துக்கொண்டேன்.

அண்ணன் ஓடிவந்தான். "என்னம்மா நீ, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா அவன் முகத்தையே பார்த்தாள். "மீதிப் பலகை எங்க?"

"அதைத்தான் கட்டையா அடிச்சிருக்கேன். சரி வா, தூக்கிட்டுப் போறேன்."

"வேணாம். ஆஸ்பத்திரிக்கு மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போனது போதும். தெருவே பாக்க இன்னொரு தரம் வேணாம்."

பெரியம்மாவின் மகன் கார்க் கதவைத் திறந்துவிட்டான். பெரியம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நல்ல கையை வெளியே நீட்டி ஏதோ சொன்னாள். குழறியதில் எங்களுக்குப் புரியவில்லை.

"சாப்பிட்டியாக்கா?" என்று அம்மா இங்கிருந்தே கத்தினாள்.

பெரியம்மா தலையாட்டினாள். அதற்குமேல் கத்திப் பேச இரண்டு பேரிடமும் ஒன்றுமில்லை.

துரை பலகையில் நிதானமாக இறங்கியது. பெரியம்மாவை அதற்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கார்வரை போய், நீட்டியிருந்த கைக்கு அடியில் தலையைக் கொடுத்தது. பெரியம்மா அதன் தலையைத் தடவிக்கொண்டே எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும், வரோம்" என்றான் மகன். கதவு மூடியது. கார் தெருமுனை திரும்பும்வரை அம்மா வாசலிலேயே நின்றாள்.

துரை திரும்பி வந்து பலகையில் ஏறியது. ஒரு கட்டையிலும் கால் வழுக்கவில்லை. மேலே வந்ததும் உள்ளே போக இடமில்லாமல், அம்மாவின் வாக்கருக்கு முன்னால் நின்று வாலாட்டியது.

"அவனுக்குக் கொஞ்சம் வழி விடும்மா, ரொம்ப நேரம் நிக்க முடியாது அவனால" என்றான் அண்ணன்.

அம்மா வாக்கரை ஓரடி பின்னால் எடுத்துவைத்தாள்.