அரைத் தலைக்கட்டு

மகளிர் தின விழாவுக்குப் பால்துரை அண்ணாச்சி செய்திருந்த ஏற்பாட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். டீச்சர்மாருக்கெல்லாம் ஒரே மாதிரி ரோஸ் கலர் சேலை. கோலப் போட்டி, சமையல் போட்டி, பூக்கட்டும் போட்டி. பெண்ணுரிமை பற்றிப் பேச மேடையில் ஐந்து பேர். ஐந்து பேரும் ஆம்பிளைகள். பொம்பளைகள் பேச ஆரம்பித்தால் நேரமாகிவிடுமாம்! துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போனதில் பேச்சு பாதிதான் காதில் விழுந்தது. லாரிக்காரன் நல்லா இருக்கட்டும்.

பிரேமா டீச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விழா முடிந்ததும் அதே பந்தலில் வியாபாரிகள் சங்கத்தின் பொதுக்குழு. பள்ளிக்கூடம் சங்கத்துடையது, தாளாளர் அண்ணாச்சி. தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார். அடுத்தது யார் என்று சங்கத்தார் கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். முறைப்படி பார்த்தால் பிரேமாதான். இருபது வருசமாகச் சமூக அறிவியல் நடத்துகிறாள். அவளுக்கு வெகுகாலம் கழித்துச் சேர்ந்த இசக்கிராஜா சாருக்கு ஒரே ஒரு தகுதிதான் கூடுதல். அதை அவர் பிறக்கும்போதே கொண்டுவந்துவிட்டார்.

அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். மனசுக்குள் வைத்துப் புழுங்குகிற ஆசை இல்லை அது. நேரடியாக அண்ணாச்சியிடமே போய்க் கேட்டாள். "உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி?" என்றார் அவர். என்ன ஒரு கரிசனம்!

சங்கத்தில் கல்யாணமான ஆம்பிளை ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு வரி, ஒரு கை. தலையெடுத்த மகன் இல்லாத வீட்டில் புருசன் செத்துப்போனால் அந்த வீடு அரைத் தலைக்கட்டு. பாவம் என்று அரை வரிதான் வாங்குவார்கள். பிரேமாவும், அவள் வீட்டுக்காரர் லிங்கராஜ் போனதிலிருந்து, அரைதான். அரை வரிக்கு அரைக் கையை எப்படித் தூக்குவது என்று சங்கத்தில் யாரும் மண்டையைக் குழப்பிக்கொண்டதில்லை. பொதுக்குழுவுக்கு அவர்களைக் கூப்பிட்டதே இல்லை, தீர்ந்தது சோலி.

போன வாரம் பிரேமாவின் ஒன்பதாம் வகுப்பில் இந்தக் கேள்வி கிளம்பியது. முதல் பெண் மருத்துவர்கள், சட்டசபைக்குள் கால் வைத்த முதல் பெண் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், நூறு வருசத்துக்கு முன்னாலேயே மதராஸ் மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு வந்ததைச் சொன்னாள். "ஆனா சொத்து இருக்கிறவங்களுக்கு மட்டுந்தான்."

பேச்சிச்செல்வி எழுந்தாள். இட்லிக்கடை சுடலைமாடத்தியின் மகள். "டீச்சர், எங்கம்மா சங்கத்துக்கு அரை வரி கெட்டுதா. அவளுக்கு எத்தனை ஓட்டு?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. பிரேமாவும் சிரித்துவிட்டு, "உங்கம்மாகிட்டயே கேளு" என்று சும்மா சொல்லி வைத்தாள். பிள்ளைகளிடம் எதையும் சும்மா சொல்லக் கூடாது. பேச்சி அம்மாவிடம் கேட்டாள். அம்மா தெருவில் கேட்டாள். தெரு யோசித்தது.

பொதுக்குழு ஆரம்பித்தது. சங்கத்துக் கணக்கப்பிள்ளை நல்லக்கண்ணு கைகளை எண்ணினான். இசக்கிராஜா சாருக்கு நாற்பத்தொன்று. பிரேமாவிடம் படித்து உருப்பட்ட பிள்ளைகளின் அப்பன்மார் தயவில் அவளுக்கு முப்பத்தேழு.

போச்சு! இருபது வருசமும் நாலு கையில் போச்சு.

"நல்லக்கண்ணு, இன்னும் முடியலப்பா" என்று பின்னால் குரல் கேட்டது. கோலம் பார்க்க வந்திருந்த பொம்பளைகள் எட்டுப் பேர் ஜோடி ஜோடியாக நின்றார்கள், முன்னால் சுடலைமாடத்தி. ஒவ்வொரு ஜோடியும் கையோடு கை கோத்து, சேர்த்து ஒரே கையாகத் தூக்கினார்கள்.

"என்னளா இது கூத்து?" என்றார் அண்ணாச்சி.

"அரையும் அரையும் ஒண்ணுல்லா அண்ணாச்சி. உங்க கடையில வேற கணக்கா?" என்றாள் சுடலைமாடத்தி.

நாலு ஜோடி, நாலு கை. நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று. நல்லக்கண்ணு விரலை மடக்கி மடக்கிப் பார்த்தான். மாறவில்லை.

பிரேமாவும் ஒரு அரைதானே. ஜோடிக்கு ஆள் இல்லை. இருந்தால் என்ன? எழுந்து நின்று, முழங்கையை மடக்கி, பாதிக் கையைத் தூக்கினாள். "இதையும் சேத்துக்கிடுங்க."

பந்தல் இரண்டுபட்டது. அரையெல்லாம் செல்லாது என்று ஒருத்தர் கத்தினார். "வரி மட்டும் செல்லுதாக்கும்?" என்றாள் சுடலைமாடத்தி. அண்ணாச்சி எழுந்து கையமர்த்தினார். "அது உங்க மேல இரக்கப்பட்டு வாங்குத வரி. புருசன் உள்ள பொம்பளைகளே மூச்சு விடாம இருக்காளுவ, உங்களுக்கு ஓட்டு கேக்குதோ?"

அங்கன பரிசு டிபன் பாக்ஸ்களை அடுக்கிக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரி சண்முகத்தாய் நிமிர்ந்தாள். மூச்சு விடாமல் இருந்தவர்களில் அவள்தான் முதல்.

"ஏங்க, ஒரு சந்தேகம். அவிய அரைன்னா, நான் எத்தனை?"

அண்ணாச்சி சிரித்தார். "ஏளா, உனக்கென்ன கொறச்சல்? நீ என் தலைக்கட்டுக்குள்ளல்லா இருக்க?"

"அது உங்க கணக்கு. எனக்குன்னு எத்தனை?"

அவர் நல்லக்கண்ணுவைப் பார்த்தார். அந்த மடையன் சும்மா இருந்திருக்கலாம். "உங்களுக்குத் தனியா ஒண்ணும் கெடையாது மதினி" என்றான்.

"அப்ப சைபர்." பருப்பு விலை கேட்கிற மாதிரி நிதானமாகத்தான் கேட்டாள் சண்முகத்தாய். "சரி, நான் அரை ஆகணும்னா என்ன ஆகணும்?"

பதில் எல்லாருக்கும் தெரியும். பிரேமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. மடக்கின கையை இறக்கவே இல்லை. சண்முகத்தாய் டிபன் பாக்ஸை முந்தானையால் துடைத்துக்கொண்டே வீட்டுக்காரரை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை.

அண்ணாச்சிக்கு வேர்த்துக் கொட்டியது. தன்னையறியாமல் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"ஏலே நல்லக்கண்ணு, அரையும் செல்லும். பிரேமா டீச்சர்னு எழுதுலே" என்றார். "சீக்கிரம் எழுதித் தொலைலே!"