ஃபிரேமை விட்டு வெளியே

கல்யாண வீடுகளில் என் புருஷன் பாண்டுரங்கன் என்னிடம் பேசிய ஒரே பேச்சு, "ஃபிரேம வுட்டு வெளிய போ" என்பதுதான். அவர் போட்டோ எடுப்பார், நான் லைட் பிடிப்பேன். ஓர் அடி உள்ளே வந்துவிட்டால் போதும், அத்தனை பேர் நடுவிலும் கத்துவார். "இன்னாடி, சொன்னா ஏறாதா? தள்ளிப் போ!" வீடு வரும்வரை நானும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். போன வருடம் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். இப்போது கத்துவதற்குக்கூட ஆளில்லாத வீட்டுக்குத்தான் தினமும் திரும்புகிறேன்.

மலைமேல் ஜமுனாமரத்தூரில் இருக்கும் எங்கள் ஸ்டுடியோவை இப்போது நான்தான் நடத்துகிறேன். வாணியம்பாடியில் கேமரா கடை வைத்திருக்கும் அசோக்குமார், வேறு கம்பெனி கேமரா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"ஒரு கல்யாணத்துக்கு ரெண்டுத்தையும் எட்த்துனு போக்கா. எதுல ஃபோக்கஸ் கரெக்டா வுழுதோ அத்த வெச்சிக்க. புதுசு புடிச்சிருந்தா அண்ணனோட பழச எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிறேன்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அந்தப் பழசைத் தொட்டாலே அவர் கத்தல் காதில் விழுந்தது. தொலையட்டும், நிம்மதியாவது மிஞ்சும்.

மலையிலேயே ரம்யா என்ற பெண்ணின் கல்யாணம். இரண்டு கேமராவையும் மாற்றி மாற்றி எடுத்தேன். ஓடிவரும் பிள்ளைகளைப் புதுசு விடாமல் பிடித்தது, பழசு கொஞ்சம் திணறியது. மாலை முகத்தை மறைத்தபோது புதுசு பூவைப் பிடித்தது, பழசு கண்ணைப் பிடித்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன். கடைசியில் குடும்பப் படத்துக்கு ரம்யாவின் அம்மா செல்லியம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீயும் வந்து நில்லு சங்கரி. இன்னாத்துக்கு ஒண்டியா நிக்குற?"

இரண்டையும் ஸ்டாண்டில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பின்வரிசை ஓரத்தில் நின்று ஃபோனிலிருந்து கிளிக் செய்தேன். புதுசில் ரம்யா பளிச்சென்று இருந்தாள். பழசில் அவள் முகம் மங்கல், நான் தெளிவு. கலைந்த தலையும் வேர்த்த மூஞ்சியுமாக, கண்ணிமை முடிகூடத் தெரிந்தது. இடம் மாறி அடுத்த ஓரத்தில் நின்றேன். அப்போதும் நான்தான். சனியனே என்று திட்டிக்கொண்டே அசோக்குமாருக்குப் போன் போட்டேன்.

"இத்த வந்து எட்த்துனு போயிடுப்பா. பொண்ண வுட்டுட்டு என்னியே புடிக்குது."

எதில் யார் தெளிவு, யார் மங்கல் என்று விசாரித்தான். பிறகு சொன்னான். "அக்கா, மெனுல மூஞ்சி பதியறதுன்னு ஒன்னு இருக்கும் பாரு. யாரயாச்சும் பதிஞ்சி வெச்சிருந்தா, எவ்ளோ கூட்டம் இருந்தாலும் அவங்களத்தான் தேடிப் போவும்."

திறந்து பார்த்தேன். ஒரே ஒரு முகம் இருந்தது. தலைக்குக் குளித்து துண்டு சுற்றிக்கொண்டு, எங்கள் அடுப்படியில் எதற்கோ சிரித்துக்கொண்டிருக்கும் நான்.

நான் உள்ளே வந்தால் கேமராவுக்குக் கல்யாணப் பெண் தெரியமாட்டாள். அதற்குத்தான் அத்தனை கத்தலும். ஒரு பட்டனை அழுத்தி அழித்திருந்தால் தீர்ந்திருக்கும். காலமெல்லாம் கத்தினாரே தவிர அழிக்கவில்லை. அடப்பாவி மனுஷா, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் வாய் முத்தா உதிர்ந்துவிடும்?

"அத்த அழிச்சிட்டா சரியாப்பூடும்க்கா" என்றான் அசோக்குமார்.

"புதுச வெலைக்கே வாங்கிக்கிறேன். பழச குடுக்கறதா இல்ல" என்று போனை வைத்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பெண்ணை அனுப்பும் அழுகை என்று நினைத்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் பழசை ஸ்டாண்டில் நிறுத்தி, அதில் தெரிவதை ஃபோனில் பார்த்துக்கொண்டே நடந்தேன். நான் போன பக்கமெல்லாம் ஃபோக்கஸ் விழும் இடத்தைக் காட்டும் சின்னக் கட்டம் என் கண்ணை விடாமல் வந்தது. வேண்டுமென்றே ஃபிரேமை விட்டு வெளியே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன். கட்டம் அணைந்தது. படம் ஒரு முறை தெளிந்து, ஒரு முறை மங்கி, பீரோவிலும் காலி நாற்காலியிலும் தேடிக்கொண்டே இருந்தது.

"இங்கதான்யா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.