துட்டி கேட்க வந்த பாட்டுக்குழு

தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மகேஷ் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தான். அம்மா இசக்கியம்மாளின் தட்டில் பிசைந்த சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார்.

அப்பா தவறி ஏழு மாதம் ஆகிறது. முதல் ஐந்து மாதம் இசக்கியம்மாள் தூக்கமும் பேச்சும் இல்லாமல்தான் கிடந்தார். பிறகு மயிலாப்பூர் வைதேகி நடத்தும் முதியோர் பாட்டுக்குழுவுக்குச் செவ்வாய்தோறும் போக ஆரம்பித்தார். பசி திரும்பியது, தூக்கம் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மேடையேறப் போவதாகச் சொன்னதும் மகன் குதித்தான்.

"வருசம் திரும்பல, அதுக்குள்ள மேடையில பாட்டா? சொந்தக்காரங்க காறித் துப்புவாங்கம்மா!"

அத்தோடு பாட்டும் நின்றது, சாப்பாடும் நின்றது. குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டான் மகராசன். அம்மாவை யார் காப்பாற்றுவது?

வாசல் மணி அடித்தது. நரைத்த தலைகளாகப் பதினோரு பேர் நின்றார்கள். முன்னால் நின்ற தனபாலன் தூத்துக்குடிக்காரர், இசக்கியம்மாளைப் போலவே தெற்கத்தி ஆள், விவரமானவர்.

"தம்பி, அப்பாவுக்குத் துட்டி கேக்க வந்திருக்கோம்."

இழவு விசாரிக்க வந்தவர்களை எந்தத் தெற்கத்தி வீட்டில் திருப்பி அனுப்புவார்கள்? மகேஷ் பாயை விரித்தான்.

"உங்கம்மா இல்லாம பாட்டு நிக்கவே மாட்டேங்கறதுப்பா. நீயே ஒரு தடவை கேளு, அப்புறம் எழுந்து போன்னா போயிடறோம்" என்று சொல்லிவிட்டு வைதேகி கையசைத்தார்.

பாட்டு மேலே ஏறியது. கீழ்க்குரல் வந்து தாங்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, பாட்டு நொண்டியது. விடாமல் அதே வரிக்குத் திரும்பினார்கள். மூன்றாம் முறை அறைக்குள்ளிருந்து ஒரு கனத்த குரல் எழுந்து பாட்டைத் தாங்கிக்கொண்டது. கதவைத் திறந்து இசக்கியம்மாள் பாடிக்கொண்டே வந்து நின்றார். கண்ணீர் வழிந்தது. ஆனால் குரல் ஓரிடத்திலும் உடையவில்லை. அம்மாவிடம் இப்படி ஒரு குரல் இருப்பதே மகேஷுக்கு அன்றுதான் தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் இசக்கியம்மாள் சொன்னார்: "மகேசு, ரெண்டு தோசை போடச் சொல்லுப்பா. பசிக்கி."

மகேஷ் தானே போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தான். "ஞாயித்துக்கிழமை நானே உன்னை வண்டியில கூட்டிட்டுப் போறேம்மா" என்றான்.

கோபாலபுரம் பள்ளி அரங்கில் அந்த ஞாயிறன்று கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. எழுந்து நின்று கைதட்டிய மகேஷைச் சித்தப்பா இடித்தார். "ஏல, அண்ணனுக்கு இன்னும் வருசம் முடியலையே?"

மகேஷ் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னான்: "வயசானவங்களுக்குச் சோறும் மாத்திரையும் மட்டும் போதாது சித்தப்பா, நாலு பேரோட சேர்ந்து பாடவும் வேணும். போனவருக்குத் துக்கம் காக்கறோம்னு, இருக்கறவங்களையும் சேர்த்து அடக்கம் பண்ணிடக் கூடாது."