அட்சதை இல்லாத ஒத்திகை

யுகேந்திரனின் மாமனார் தம்பிராஜா மூன்று வருடங்களாக அவனோடு நேராகப் பேசியதில்லை. நில அளவை இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்கூடாயில் கல்யாண வீடியோ எடுக்கிறவன் தன் மூத்த மகள் நிர்மலாதேவியைக் கட்டிக்கொண்டதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. அந்தக் கல்யாணத்துக்கும் அவர் போகவில்லை. பேச்சை நிறுத்தினாரே தவிர உபசாரத்தை நிறுத்தவில்லை. மருமகன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். "நிர்மலா, அவரைத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லு" என்பார். நிர்மலாதேவியும் ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்த செய்தி மாதிரி அதை அவனிடம் சொல்லுவாள்.

இப்படி இருக்கும்போது இளைய மகள் லோஷினிக்குக் காஹாங்கில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அந்த ஊர்ப் பல் டாக்டர். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் தம்பிராஜா பெர்மாஸ் ஜெயா வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, மாவுக்கட்டோடு படுத்துவிட்டார். காரில் அவ்வளவு தூரம் கூடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மகள் கழுத்தில் தாலி ஏறுவதை டிவியில்தான் பார்க்க வேண்டும். அதை அனுப்பப்போவது அவர் பேசாத மருமகன். யுகேந்திரன் வெளியே வருத்தப்பட்டான். உள்ளுக்குள் அவன் பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் பாவம்.

நேரலை என்றால் கேமரா பிடிப்பதை அப்படியே அனுப்ப முடியாது. நசுக்கிச் சின்னதாக்கித்தான் இணையத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு இரண்டு வழி. சாஃப்ட்வேரிடம் கொடுத்தால் கம்ப்யூட்டரின் மூளையே அந்த வேலையைச் செய்யும். யோசித்து யோசித்து, கொஞ்ச இணையத்திலும் படத்தைப் பளிச்சென்று அனுப்பும், ஆனால் அதற்கு மூச்சு வாங்கும். இல்லாவிட்டால் கிராபிக்ஸ் கார்டில் இதற்கென்றே இருக்கும் சில்லிடம் கொடுக்கலாம். எவ்வளவு கொடுத்தாலும் அசராது, படம் மட்டும் ஒரு மாற்றுக் குறைவு. கல்யாணம் நடக்கப்போவது செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் ஒரு கோயில் மண்டபத்தில். அங்கே இணையம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதனால் சாஃப்ட்வேர்தான் என்று யுகேந்திரன் ஒற்றைக் காலில் நின்றான். டேட்டா சென்டரில் வேலை பார்க்கும் நிர்மலாவுக்கோ மெஷின் தாங்குமா என்பதுதான் கவலை.

சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று முடிவானது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் அசையாமல் உட்காரும்படி அவளைக் கெஞ்சினான். இரண்டு முறையிலும் அனுப்பி, படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டான். சாஃப்ட்வேர் படத்தில் புடவைக் கரையின் ஜரிகையை எண்ணலாம். கார்டு படத்தில் ஜரிகை குழைந்து கிடந்தது. அவன் தேர்தலில் ஜெயித்தவன் போல நின்றான்.

"கல்யாணத்துல யாரு இப்படிப் பொம்மை மாதிரி உட்காருவா? தாலி கட்டறப்போ முந்நூறு பேரு அட்சதை போடுவாங்க. அத்தனை அரிசியும் தனித்தனியா பறக்கும், மெஷின் திணறிடும் லா. அரிசியப் போட்டு டெஸ்ட் பண்ணுங்க" என்றாள் நிர்மலா.

அங்கேதான் வந்தது வினை. பொண்ணு மாப்பிள்ளை இல்லாத இடத்தில் அட்சதை போடுவது அபசகுனம் என்றான். மஞ்சள் கலக்காத வெறும் அரிசியைப் போடச் சொன்னாள். அது வாய்க்கரிசி, அதைவிட மோசம் என்றான். பேப்பரைக் கிழித்துப் போடச் சொன்னாள். பேப்பர் வேறு, அரிசி வேறு, சோதனை செல்லாது என்றான். மற்ற நாட்களில் ராகு காலம் எப்போது என்றுகூடத் தெரியாத மனிதன் இவன். கடைசியில் ஒரு அரிசிகூட விழாமல் சோதனை வெற்றியாக முடிந்தது.

கல்யாணத்தன்று காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மாலை மாற்றியதும் ஓமப்புகையும் கண்ணாடி போலப் போயின. நிர்மலா தன் கைபேசியை யுகேந்திரனின் மேசையில் வைத்துவிட்டு, மேடையில் தங்கைக்குப் பின்னால் நின்றாள். கெட்டிமேளம் கொட்டியது. மூன்று கேமராவிலும் மஞ்சள் அரிசியும் ரோஜா இதழும் ஒரே நேரத்தில் பொழிந்தன. கம்ப்யூட்டரின் விசிறி அலறியது. படம் இரண்டு முறை விக்கியது, பிறகு அப்படியே நின்றுவிட்டது. நின்ற இடம்தான் கொடுமை. மாப்பிள்ளையின் இரண்டு கையும் லோஷினியின் கழுத்தில். அவள் வாய் திறந்திருந்தது. பார்த்தால் கொலை நடப்பது மாதிரி இருந்தது.

யுகேந்திரன் கண்ட பொத்தானையெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தபோது நிர்மலாவின் கைபேசி அடித்தது. "அப்பா" என்று காட்டியது. எடுத்தான்.

"நிர்மலா, அந்தப் பெடியன் லோஷினியின்ரை கழுத்தைப் பிடிச்சபடி நிக்கிறான். என்ன நடக்குது?"

"நிர்மலா மேடையில இருக்கா, மாமா. நான் யுகேந்திரன்."

மாமனார் உடனே ஃபோனை வைத்துவிடுவார் என்று நினைத்தான். வைக்கவில்லை. வேறு யாரிடம் கேட்பார், பாவம்.

"தாலி கட்டியாச்சோ?" என்றார், சின்னக் குரலில். கையில் அட்சதையோடு காத்திருப்பதாகச் சொன்னார்.

தாலி எப்போதோ கட்டியாகிவிட்டது. அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஜரிகையை எண்ணி என்னத்தைக் கிழித்தோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"இல்ல மாமா. இப்பத்தான் தாலிய எடுக்கறாரு. நான் பார்த்துச் சொல்றேன்."

லோஷினி தலை குனிவதை, முதல் முடிச்சை, மாப்பிள்ளையின் தங்கை குனிந்து போடும் அடுத்த இரண்டு முடிச்சை என்று கண் முன்னால் நடப்பது போலவே ஒவ்வொன்றாகச் சொன்னான். பிறகு, "இப்ப போடுங்க மாமா" என்றான். டிவியின்மேல் அரிசி சடசடவென்று விழுவது கேட்டது.

அதற்குள் நிர்மலா மேடையிலிருந்து இறங்கி வந்து, எல்லாவற்றையும் மூடித் திறந்து, கார்டுக்கு மாற்றிவிட்டாள். படம் கட்டம் கட்டமாக, ஆனால் நிற்காமல் ஓடியது. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குத் திட்டியே இருக்கலாம்.

தம்பிராஜா மூக்கை உறிஞ்சினார். "மேளம் நிண்டு அஞ்சு நிமிசமாச்சு, தம்பி. ஃபோனிலை எனக்குக் கேட்கும்தானே."

"மன்னிச்சிருங்க மாமா" என்றான் யுகேந்திரன்.

"பரவாயில்லை. வடிவாச் சொன்னீர்." அதோடு விடவில்லை. "நிர்மலாவுக்கு நீர் கட்டினதையும் நான் பார்க்கேல்லை. அதையும் சொல்லும்."

அவன் மனைவியைப் பார்த்தான். பொய் சொல்ல இது நேரமில்லை என்று பட்டது.

"மொத முடிச்சு போட்டேன் மாமா. ரெண்டாவதும் போட்டேன். கையெல்லாம் வேர்த்து மூணாவது வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. நிர்மலாவே கையப் பின்னால கொண்டுவந்து போட்டுக்கிட்டா."

தம்பிராஜா இருமல் வரும்வரை சிரித்தார். அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்றார். படம் திரும்ப வந்துவிட்டதா என்று யுகேந்திரன் கேட்டான்.

"வந்திட்டுது. அது ஓடட்டும், நீர் சொல்லும்."